திங்கட்கிழமைக் காளான்: ஒரு கிரெச் சமையலறையில் நடந்தது

கோவையில் ஒரு கிரெச். ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரை 38 பிள்ளைகள். காலை எட்டரைக்கு விட்டுவிட்டுப் போனால் பெற்றோர் திரும்பி வர மாலை ஆறு ஆகிவிடும். மதியச் சாப்பாடும் இரண்டு வேளைச் சிற்றுண்டியும் அங்கேயே சமைக்கிறார்கள். மாதம் ஒருமுறை போய்ச் சமையலறையைப் பார்ப்பது, மெனு போட்டுக் கொடுப்பது, ஊழியர்களுக்குச் சொல்லித் தருவது என் வேலை.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் கிரெச் வசதி வேண்டும் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்களே, அதன் பிறகு வந்த இடம் இது. விளையாட்டு அறைக்கும் கேமராவுக்கும் நன்றாகச் செலவு செய்திருக்கிறார்கள். சமையலறை மட்டும் பழைய வீட்டுச் சமையலறையேதான். வீட்டு ஃபிரிட்ஜ், வீட்டுச் சிங்க், வீட்டுப் பழக்கம்.

இங்கே எழுதும் சம்பவத்தில் யாருக்கும் உடம்புக்கு எதுவும் ஆகவில்லை. அதனால்தான் இவ்வளவு விவரமும் கிடைத்தது. பிள்ளைகள் வாந்தி எடுத்திருந்தால் ஆளாளுக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்த்திருப்பார்கள், சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கவரில் முடிச்சுப் போட்டீர்கள் என்று கேட்டால் உண்மையான பதில் வந்திருக்காது.

காலை 7.40

திங்கட்கிழமை. மேற்பார்வையாளர் போன் செய்தார். "மேடம், காளான் கொஞ்சம் வழவழன்னு இருக்குங்க. கழுவிப் போட்டுக்கலாமான்னு அக்கா கேக்கறாங்க."

போனிலேயே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அன்றைக்கு மட்டும் கேட்பார்கள், அடுத்த முறை போன் வராது. நேரில் போனேன்.

ஃபிரிட்ஜின் அடியில் இருக்கும் காய்கறி ட்ரேயில் இரண்டு பெரிய பாலிதீன் கவர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ பட்டன் காளான். இரண்டிலும் வாய் இறுக்கி முடிச்சு. உள்பக்கம் ஆவி படிந்து நீர்த்துளிகள், அடியில் பழுப்புத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பிரித்துப் பார்த்தால் மேலாக இருந்தவை ஓரளவு வெள்ளை. கீழே இருந்தவை தவிட்டு நிறத்தில், தொட்டால் கையில் ஒட்டும் கொழகொழப்போடு இருந்தன. லேசாகப் புளித்த வாடை. கையில் இருந்த தெர்மாமீட்டரைக் காளான் நடுவே செருகினேன்: 10 டிகிரி. ஃபிரிட்ஜின் நடுத் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து அதில் பார்த்தேன்: 9. இருக்கவேண்டியது 5க்குள்.

சமையல் அக்கா பக்கத்திலேயே நின்றார். பன்னிரண்டு வருடம் கல்யாண மண்டபச் சமையலில் இருந்தவர். கை சுத்தம் என்றால் அவரைத்தான் சொல்வேன்.

"பெருசா நாத்தம் ஒண்ணும் இல்லீங்க மேடம். நாலு தண்ணி ஊத்திக் கழுவுனா வழவழப்பு போயிருமுங்க. குக்கர்ல ரெண்டு விசில் விட்டா எந்தக் கிருமி நிக்கப்போகுது? எங்கூட்ல இப்படித்தான் செய்யறோம், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்லீங்க."

அவர் சொன்னது முழுத் தவறு இல்லை, அதுதான் சிக்கல். அந்தக் கொழகொழப்புக்குக் காரணம் பெரும்பாலும் சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியாக்கள். காளானைக் கெடுப்பவையே தவிர ஆளைப் படுக்கப்போடுபவை அல்ல. பழுப்பு நிறமோ அதைவிடச் சாதுவானது. வாழைப்பூவை நறுக்கி வைத்தால் கறுப்பதுபோல, காளானில் உள்ள நொதி காற்றுப் பட்டுச் செய்யும் வேலை அது. வீட்டில் பெரியவர்கள் அதைக் கழுவிச் சமைத்துச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் போவதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் கொழகொழப்பு ஒரு தகவல் சொல்கிறது. இந்தக் காளான் ஈரத்தோடும் போதிய குளிர் இல்லாமலும் வெகுநேரம் இருந்திருக்கிறது என்று. அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்து வளர்ந்தது சூடோமோனாஸ். தெரியாமல் கூடவே வேறு எது வளர்ந்தது என்று கழுவுகிற தண்ணீர் சொல்லாது.

கொட்டச் சொன்னேன். பத்துப் பாக்கெட், சுமார் ஐந்நூறு ரூபாய். மேற்பார்வையாளர் முகம் சுருங்கியது. மாட்டுக்காவது போடலாமா என்று வாட்ச்மேன் கேட்டார், வேண்டாம் என்றேன். மதியத்துக்குத் தக்காளி சாதமும் உருளைக்கிழங்கும் ஆயிற்று. காளான் புலாவ் எங்கே என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை.

சனிக்கிழமை என்ன நடந்தது

அன்று மதியம் பிள்ளைகள் தூங்கிய பிறகு மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேசினோம். யார் தப்பு என்று கேட்கவில்லை, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டேன்.

காளான் வந்தது சனிக்கிழமை 8.15க்கு. நீலகிரியிலிருந்து வருகிற சரக்கு, 200 கிராம் பாக்கெட்டுகள், பேக் செய்த தேதி வெள்ளி என்று ஒட்டியிருந்தது. கடைக்காரர் பைக்கில் கிரேட் கட்டிக் கொண்டுவந்து இறக்கினார். வந்தபோது நன்றாக, வெள்ளை வெளேரென்று இருந்ததாகத்தான் எல்லோரும் சொன்னார்கள்.

ஒன்பது மணிக்கு மின்தடை. மாதாந்திரப் பராமரிப்பு, முன்னாடியே எஸ்எம்எஸ் வந்திருந்தது. ஃபிரிட்ஜ் ஓடாதே, கரண்ட் வந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று அக்கா பாக்கெட்டுகளை மேடையிலேயே விட்டார். சனிக்கிழமை அரை நாள்தான், பிள்ளைகள் குறைவு, கையில் நேரம் இருந்தது. திங்கள் காலை பரபரப்பில் காளான் சுத்தம் செய்ய நேரம் இருக்காது என்று நினைத்து, பத்தரை மணிவாக்கில் எல்லாப் பாக்கெட்டையும் பிரித்து, மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, வடித்து, இரண்டு கவரில் போட்டு முடிந்துவிட்டார். பாக்கெட் பாக்கெட்டாக வைத்தால் ஃபிரிட்ஜில் இடம் போதாது. பதினொன்றரைக்கு, ஓடாத ஃபிரிட்ஜின் ட்ரேயில் வைத்தார். பன்னிரண்டரைக்கு, வாட்ச்மேனின் ராத்திரிச் சாப்பாட்டுக்கென்று ஒரு பாத்திரம் சூடான சாம்பாரும் உள்ளே போனது.

4.45க்குக் கரண்ட் வந்தது. அப்போது அங்கே வாட்ச்மேன் மட்டும்தான். ஞாயிறு விடுமுறை.

திங்கள் காலை அக்கா ஃபிரிட்ஜைத் திறந்தபோது தயிர் கடுப்பாகப் புளித்திருந்தது. வெயில் காலம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். பால் அன்றாடம் காலையில் வருவது, அதனால் அதில் எதுவும் தெரியவில்லை. காளான் மட்டும் வழவழப்பாக இருக்கப்போய்த்தான் போன் வந்தது. வழவழப்பு இல்லாமல் இருந்திருந்தால்?

இதில் அக்கா செய்த ஒவ்வொன்றும் நல்ல எண்ணத்தில் செய்தது. நேரம் மிச்சம் பிடித்தார், இடம் மிச்சம் பிடித்தார், அழுக்கு போகக் கழுவினார், ஈ மொய்க்காமல் கட்டிவைத்தார். கத்தரிக்காயோ கேரட்டோ என்றால் இவ்வளவும் பொறுத்துக்கொண்டிருக்கும்.

கவருக்குள் ஒரு உயிர்

பறித்த பிறகும் காளான் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது, அதுவும் பெரும்பாலான காய்கறிகளைவிட வேகமாக. அதன் உடம்பில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரைத் தடுத்து நிறுத்த வெண்டைக்காய்க்கோ தக்காளிக்கோ இருப்பதுபோல மெழுகுப் பூச்சான தோல் கிடையாது. பறித்து வைத்த மொட்டு பாக்கெட்டுக்குள்ளேயே வளர்வதைக்கூடப் பார்க்கலாம்: குடை விரியும், காம்பு நீளும், அடியில் மூடியிருந்த மெல்லிய திரை கிழிந்து கறுப்பு மடிப்புகள் தெரியும்.

அதைக் கழுவி, ஈரத்தோடு, காற்றுப் புகாத கவரில் ஒரு கிலோவாகக் குவித்தால் மூன்று காரியம் நடக்கிறது. மேலே இருக்கும் ஈரத்தில் பாக்டீரியா பெருகுகிறது. மூச்சு விடுவதால் உள்ளே வெப்பம் உண்டாகிறது, குவியலின் நடுப்பகுதி குளிர நேரமாகிறது. மூன்றாவது, உள்ளே உள்ள ஆக்சிஜனைக் காளானே தின்று தீர்த்துவிடுகிறது.

இந்த மூன்றாவதைத்தான் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. 1975இல் அமெரிக்காவில் இதை ஆராய்ந்து பார்த்தார்கள். கடையில் விற்பதுபோலப் பிளாஸ்டிக் தாள் இழுத்து மூடிய பாக்கெட்டில் பட்டன் காளானை வைத்து, குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகளை அதில் செலுத்தி, 20 டிகிரியில் வைத்தார்கள். தாள் வழியே காற்று நுழைவதைவிட வேகமாகக் காளான் அதை உறிஞ்சியது. ஆக்சிஜன் வற்றிய இடம்தான் இந்தக் கிருமிக்குத் தோது. சில நாட்களிலேயே நரம்பைத் தாக்கும் அதன் நஞ்சு உருவாகிவிட்டது. காளான் பாக்கெட்டின் மேல் தாளில் இன்றைக்கு ஓட்டை போடுகிறார்களே, அதன் பின்னணி இதுதான். ஓட்டையை யாரோ குத்திக் கிழித்துவிட்டார்கள் என்று நினைத்து மேலே இன்னொரு கவர் சுற்றி வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர் வெயிலில் மேடை மேல் 20 டிகிரி எங்கே இருக்கிறது? 30க்குக் குறையாது. ஆனால் ஒன்று சொல்லிவிடவேண்டும்: இந்தக் காளானை நாங்கள் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பவில்லை. அதில் நஞ்சு இருந்தது என்று நான் சொல்லவில்லை. நஞ்சு உருவாக என்னென்ன வேண்டுமோ அதில் பாதிக்கு மேல் நாமே தயார் செய்து கொடுத்திருந்தோம், அவ்வளவுதான்.

இரண்டு விசில்

அக்காவின் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவேண்டும் என்று எனக்கு இருந்தது. குக்கரில் வேகவைத்தால் கிருமி சாகும், உண்மை. பாட்டுலினம் கிருமி உண்டாக்கும் நஞ்சுகூட நன்றாகக் கொதிக்கவிட்டால் அழிந்துவிடும். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று ஒன்று இருக்கிறது. நம் மூக்கிலும் தோலிலும் கைப்புண்ணிலும் குடியிருப்பது. உணவுக்குள் போய் வெதுவெதுப்பில் பெருகினால் ஒரு நஞ்சை விட்டுவைக்கும். அதன் பிறகு வேகவைத்தால் கிருமி செத்துப்போகும், நஞ்சு அப்படியே இருக்கும்.

காளானிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 1989இல் அமெரிக்காவில் மிசிசிப்பி, நியூயார்க், பென்சில்வேனியா மாநிலங்களில் அடுத்தடுத்துப் பலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. தேடிப் போனால் சீனாவிலிருந்து வந்த டப்பாக் காளானில் இந்த ஸ்டஃபைலோகாக்கஸ் நஞ்சு இருந்தது. டப்பாவில் அடைக்கும்போது கொடுக்கும் சூடு நம் குக்கர் சூட்டுக்குக் குறைந்ததல்ல. அதையும் தாண்டி வந்திருக்கிறது. இதைச் சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப கழுவுன கையிலிருந்தே வந்திருக்கலாமுங்களா?" என்று கேட்டார். வந்திருக்கலாம். அன்றைக்குக் கழுவிய இரண்டு பேரில் யார் கையிலாவது வெட்டுக்காயம் இருந்ததா என்று கேட்டேன், யாருக்கும் நினைவில்லை. நினைவு இருக்காதுதான்.

இந்த நஞ்சு வேலை காட்ட ரொம்ப நேரம் எடுக்காது, பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஆறு மணி நேரம். பன்னிரண்டேகாலுக்குச் சாப்பிடும் பிள்ளைகள் என்றால் மதியத் தூக்கத்தில் வாந்தி எடுப்பார்கள். பெரியவர்கள் நாலு தடவை வாந்தி எடுத்து, இளநீர் குடித்து எழுந்துவிடுவார்கள். பத்துக் கிலோ எடை உள்ள பிள்ளையின் உடம்பில் அவ்வளவு தண்ணீர் கையிருப்பு இல்லை. வீட்டில் பழகிய கணக்கு கிரெச்சுக்குப் பொருந்தாமல் போவது இங்கேதான்.

மஞ்சள் தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சளும் உப்பும் போட்டால் காளான் சுத்தமாகிவிடும் என்பது நம்பிக்கை மட்டுமே. பட்டன் காளான் வளர்வது வைக்கோல், கோழி எரு, ஜிப்சம் கலந்து மக்கவைத்துச் சூடேற்றிப் பதப்படுத்திய உரத்தில். ஒட்டியிருக்கும் கறுப்புத் துகளை ஓடும் தண்ணீரில் விரலால் தேய்த்தால் போகும். அது போதும், அதையும் சமைக்கும் முன் செய்தால் போதும்.

ஃபிரிட்ஜ்

மின்தடையால் வந்த வினை என்று முடித்துவிட எல்லோருக்கும் ஆசை. ஆனால் கரண்ட் வந்து 39 மணி நேரம் கழித்தும் ஃபிரிட்ஜ் 9 டிகிரியில் நின்றதே? அது சனிக்கிழமைக் கதை இல்லை. கதவு ரப்பரில் ஒரு மூலை விட்டுப்போயிருந்தது. ஒரு ரூபாய்த் தாள் வைத்துக் கதவை மூடி இழுத்தால் தடையே இல்லாமல் வந்தது. பின்பக்கம் சுவரோடு ஒட்டிக் கிடந்தது, வெப்பம் போக வழியில்லை. உள்ளே மாவுத் தூக்கு, தயிர்ப் பானை, ஆசிரியைகளின் டிபன் பாக்ஸ், யாரோ கொண்டுவந்த பாதிப் பலாப்பழம். இந்த ஃபிரிட்ஜ் எத்தனை மாதமாக 9 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். நான் மாதா மாதம் போகிறேன். ஃபிரிட்ஜைத் திறந்து சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, ஒரு தடவைகூட அளந்து பார்க்கவில்லை.

குளிரே போதும் என்றும் நினைக்கமுடியாது. லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜுக்குள்ளும் மெதுவாக வளரும். தென்கொரியாவிலிருந்து அமெரிக்கா போன எனோக்கி காளான் மூலம் 17 மாநிலங்களில் 36 பேர் பாதிக்கப்பட்டிருந்தது 2020இல் தெரியவந்தது. நான்கு பேர் இறந்திருந்தார்கள், கர்ப்பிணிகள் இருவருக்குக் கரு கலைந்திருந்தது. எனோக்கி என்பது ஊசி ஊசியாக நீளமாக இருக்குமே, பெரிய கடைகளில் நம் ஊரிலும் கிடைக்கிறது. இந்தக் கிரெச்சில் அதை வாங்குவதில்லை. ஆனால் ஆசிரியை ஒருவர் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி, அவரும் பிள்ளைகளோடு அதே சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறார். எந்தக் காளானும் நன்றாக வேகாமல் தட்டுக்குப் போகக்கூடாது என்பதற்கு எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

மெனுவைப் போட்டது யார்?

பேசி முடிக்கும்போது மணி மூன்றரை. சுவரில் ஒட்டியிருந்த மெனுத் தாளை அக்கா காட்டினார். "திங்கக்கெழம காளான் புலாவ்னு நீங்கதானுங்க மேடம் போட்டிருக்கீங்க. ஞாயித்துக்கெழம கடைக்காரரு வரமாட்டாரு. சனிக்கெழம வாங்காம எப்படிங்க?"

என்னிடம் பதில் இல்லை. வார விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகள் சரியாகச் சாப்பிட மாட்டார்கள், பிடித்த ஒன்றைப் போடலாம் என்று நான்தான் திங்கட்கிழமைக்குப் போட்டேன். புரதம், நார்ச்சத்து, எண்ணெய் அளவு எல்லாம் பார்த்தவள், பொருள் எந்த நாளில் வந்து எத்தனை மணி நேரம் அந்தச் சமையலறையில் உட்கார்ந்திருக்கும் என்று பார்க்கவில்லை. சனிக்கிழமை காலை வாங்கித் திங்கள் மதியம் சமைத்தால் 52 மணி நேரம். அதில் 40 மணி நேரத்துக்கு மேல் சமையலறையில் ஆளே கிடையாது. அக்கா கழுவாமல் வைத்திருந்தாலும், கவரில் கட்டாமல் இருந்தாலும், ஆளில்லாத அந்த நேரம் அப்படியேதான் இருந்திருக்கும். கவரையும் கழுவியதையும் பிறகுதான் சொல்வேன். முதல் காரணம் என் மெனு.

காளான் புதன்கிழமைக்கு மாறியது. செவ்வாய் மாலையோ புதன் காலையோ வாங்கிப் புதன் மதியமே சமைப்பது. சேமிப்பைப் பற்றி எழுத உட்கார்ந்து, சேமிக்காதீர்கள் என்று சொல்வது வேடிக்கைதான். ஆனாலும் 24 மணி நேரத்துக்கு மேல் காளானை வைத்திருக்கத் தேவையில்லாதபடி மெனுவை மாற்றியதுதான் இதில் செய்த பெரிய வேலை, மற்றதெல்லாம் சின்ன வேலைகள்.

சின்ன வேலைகள்

வாங்கும்போது பாக்கெட்டைத் தலைகீழாகப் பார்ப்பது. குடைக்கு அடியில் திரை மூடியிருக்கவேண்டும், அடியில் தண்ணீர் நிற்கக்கூடாது, மேல் தாளில் ஓட்டை இருக்கவேண்டும். வந்ததும் பிரிக்காமல், கழுவாமல், பாக்கெட்டோடு ஃபிரிட்ஜின் நடுத் தட்டில், ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் வைப்பது. சமைத்த சாப்பாடு அதற்கு மேல் தட்டில், முட்டை அதற்குக் கீழே. வெங்காயம், பூண்டு, பலாப்பழம் பக்கத்தில் வேண்டாம், காளான் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். பாக்கெட் பிரித்துவிட்டால் மிச்சத்தைப் பேப்பர் கவரில் போட்டு வாயை லேசாக மடித்து வைப்பது. நாளிதழில் சுற்றலாமே என்று உதவியாளர் கேட்டார். உணவுப் பொருளை அச்சிட்ட நாளிதழில் சுற்றக்கூடாது என்று 2018 பேக்கேஜிங் விதிமுறையிலேயே இருக்கிறது, மை இறங்கும். அச்சில்லாத காக்கி நிறப் பேப்பர் கவர் ஒரு கட்டு வாங்கினோம்.

சமைக்கும்போது காளானை மெல்லிய துண்டாக நறுக்குவது. முழு மொட்டும் பாதி மொட்டும் வழுக்கிக்கொண்டு போய்ச் சின்னப் பிள்ளைகளின் தொண்டையில் அடைக்கும். சமைத்ததைச் சூடு ஆறுவதற்குள் பரிமாறி, மிஞ்சியதைச் சாயங்காலத்துக்கு எடுத்துவைக்காமல் கொட்டுவது. வாட்ச்மேனுக்கு இனி தனியாக, சூடாக, அப்போதே.

கரண்ட் போனாலும் ஃபிரிட்ஜ் ஓட இன்வெர்ட்டர் கேட்டோம், நிர்வாகம் பார்க்கலாம் என்றது. அதுவரைக்கும் கரண்ட் போய் வந்ததையாவது கண்டுபிடிக்க, ஃபிரீசரில் ஒரு டம்ளர் தண்ணீரை உறையவிட்டு மேலே ஒரு ரூபாய் நாணயம் வைத்தோம். நாணயம் ஐஸுக்குள் இறங்கியிருந்தால் வெகுநேரம் கரண்ட் இல்லை என்று அர்த்தம். ஆனால் இது நீண்ட தடைக்கு மட்டும்தான் உதவும். ஃபிரீசரில் ஐஸ் உருகுவதற்கு வெகுமுன்பே கீழ்த் தட்டுகள் சூடாகிவிடும். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. அரை நாள் கிரெச்சில் கதவைத் திறக்காமல் யார் இருப்பார்கள்? அதனால் மின்தடை எஸ்எம்எஸ் வந்தால் அன்றைக்கு ஃபிரிட்ஜில் வைக்கவேண்டிய எதையும் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

இதற்கு நடுவே ஒரு நாள், ஆயா ஒருவர் ஊரிலிருந்து ஒரு பை நிறைய மழைக்காளான் கொண்டுவந்தார். இடி இடித்து மழை பெய்த மறுநாள் கரையான் புற்று ஓரத்தில் முளைப்பது. அதன் ருசி தெரிந்தவர்களுக்கு வேண்டாம் என்று சொல்ல நாக்கு வராது, எனக்கும் வரவில்லை. ஆனாலும் கிரெச் அடுப்பில் அது ஏறக்கூடாது. புல்வெளியில் அதே மழைக்கு முளைக்கும் வெள்ளைக் குடைக் காளான் ஒன்று உண்டு. முற்றினால் அடி மடிப்புகள் பச்சையாகும், தின்றால் வாந்தியும் பேதியும். இளசாக இருக்கும்போது வித்தியாசம் சொல்வது கடினம். அந்த ஆயாவுக்குக் கண் தப்பாது என்று நான் நம்புகிறேன். 38 வீட்டுப் பிள்ளைகளுக்காக அந்த நம்பிக்கையை வைக்க எனக்கு உரிமை இல்லை. பையை ஆயா வீட்டுக்கே எடுத்துப்போனார். கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு.

மூன்று மாதம் கழித்து

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசை. ஃபிரிட்ஜ் ரப்பர் மாற்றினார்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளினார்கள், நடுத் தட்டு 4 டிகிரிக்கு வந்தது. ஒரு நோட்டுப் போட்டுக் காலையிலும் மாலையிலும் வெப்பநிலை எழுதச் சொன்னேன். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் பக்கம் முழுக்க 4, 4, 4, 4. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதியது. கோபப்படாமல் இருக்கக் கொஞ்சம் சிரமப்பட்டேன். நோட்டை எடுத்துவிட்டோம். இப்போது காலையில் தெர்மாமீட்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். அதில் நிஜம் வருகிறது: 5, 4, 7, 4. அந்த 7 அன்றைக்குக் கதவு சரியாக மூடவில்லை.

பேப்பர் கவரிலும் ஒரு கோளாறு. ஃபிரிட்ஜில் காற்று வீசும் துளைக்கு நேராக வைத்துவிட்டார்கள், ஒரே ராத்திரியில் காளான் வற்றல் மாதிரி சுருங்கிப்போனது. "கவர்ல கட்டி வெச்சப்ப இப்படி ஆகலீங்களே" என்றார் அக்கா, பாதி கிண்டலாக. துளையிலிருந்து தள்ளி வைத்ததும் சரியானது.

பிறகு ஒரு மாற்றம் அக்காவிடமிருந்தே வந்தது. பட்டன் காளானுக்குப் பதில் பால் காளான் வாங்கலாமே என்றார். 1998இல் இங்குள்ள வேளாண் பல்கலைக்கழகம் ஏபிகே 2 என்ற பால் காளான் ரகத்தை வெளியிட்டது. சமவெளி வெக்கையிலேயே வளரும், பறித்த பிறகு சிப்பிக் காளானையும் பட்டன் காளானையும்விட அதிக நேரம் தாங்கும். பத்துக் கிலோமீட்டர் தூரத்தில் ஒருவர் குடில் போட்டு வளர்க்கிறார், காலையில் பறித்து அன்றே கொண்டுவந்து தருகிறார். தண்டு கொஞ்சம் நார், சின்னப் பிள்ளைகளுக்கு அதை நீக்கிவிட்டுக் குடையை மட்டும் போடுகிறார்கள். மிஞ்சும் தண்டு ஊழியர்களின் சூப்புக்குப் போகிறது.

போன மாதம் நான் போயிருந்த புதன்கிழமை, பால் காளான்காரர் வரவில்லை. பழைய கடைக்காரரே பட்டன் காளான் கொண்டுவந்தார். அக்கா ஒரு பாக்கெட்டை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார், மூலையில் தண்ணீர் ஓடியது. பத்தில் ஆறைத் திருப்பிக் கொடுத்தார். "இத்தன நாளு வாங்குனீங்களேக்கா?" என்று கேட்டார் அவர். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மீதி நான்கு பாக்கெட் போதாது என்று கேரட் நறுக்க உட்கார்ந்தார்.